சோப்புத் தண்ணி

மகனோடு பேச்சு நின்றுபோயிருந்தது. "கழுதை வயசாகுது, இன்னும் பிளாஸ்டிக் பொம்மைய ஒட்டிட்டுத் திரியுற" என்று அப்பா ஒருநாள் வாயை விட்டதுதான் காரணம். ராணுவ லாரி ஓட்டி ஓய்ந்தவர். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் மகன் வேலைக்குப் போன நேரம் பார்த்து வாளியில் சோப்புத் தண்ணி கலக்கினார். மகன் துண்டு துண்டாக ஒட்டிச் செய்து அலமாரியில் வைத்திருந்த குட்டி விமானம், டாங்கி, லாரி அத்தனையையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து அடுக்கினார்.

சாயங்காலம் வந்த மகன் அலமாரி முன்னால் அப்படியே நின்றான்.

"என்னடா, பளபளன்னு இருக்கா? ஒரே சேறும் துருவும். தொடைக்க உனக்கு எங்க நேரம்?"

"அது அழுக்கு இல்லப்பா. சண்டைக்குப் போய் வந்த மாதிரி தெரியணும்னு நான்தான் கலர் பொடி வெச்சுப் பூசினேன்."



மகன் லாரியை எடுத்து அவர் கையில் வைத்தான். "உங்களுக்குக் குடுக்கத்தான் இதைச் செஞ்சேன். உங்க லாரிதான்பா. பழைய போட்டோவைப் பார்த்து, பம்பர் நசுங்கல், கதவுத் துரு எதையும் விடல."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பம்பரில் அதே நசுங்கல் இருந்தது. கதவு வழுவழுவென்று இருந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் தேய்தேயென்று தேய்த்தும் போகாமல் அடம்பிடித்த துரு, இன்று காலை ஒரு டூத் பிரஷ்ஷுக்குப் போய்விட்டிருந்தது.