தூக்கிப் பாருங்க

"அந்தக் கடைக்குப் போனா பொருளும் கிடைக்கும், திட்டும் கிடைக்கும். இந்த ஆளு பாரு, தேன்!"

வாசலில் யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டு போனது பில் மேசை வரைக்கும் கேட்டது. பில் போடுகிறவள் நிமிரவில்லை. தினமும் கேட்கிற பேச்சுதான்.

எதிர்க்கடைக்காரருக்குத் தெருவே வைத்த பெயர் கடுகு. எண்ணெய் காயும் முன்பே வெடிப்பார். அவளுடைய முதலாளியோ சிரிப்பை இலவசமாகக் கொடுப்பவர். அந்தக் கம்ப்யூட்டர் கடையில் வேறு எதுவும் இலவசம் கிடையாது.

இப்போது அந்தச் சிரிப்பின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். பார்சல் வேன் ஓட்டுகிறவள். கையில் வண்டிச் சாவி, முகத்தில் கோபம்.

"பவர் சப்ளை வேணும் அண்ணா. கேமிங் கம்ப்யூட்டருக்கு. ஓவர்கிளாக் பண்ணப் போறேன், கம்பெனி வச்ச வேகத்தைவிட கூட்டி ஓட்டணும். எதிர்க்கடையில விலை கம்மியா ஒண்ணு இருக்கான்னுதான் கேட்டேன். அதுக்குப் போய் அந்த மனுஷன் என்ன பேச்சு பேசுறார்!"

"என்ன சொன்னான்?" முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"'வேகத்தை ஏத்தத் தெரியுது, அதுக்குச் சோறு போடத் தெரியாதா? மட்டமானதை மாட்டினா அது தனியா சாகாது, உள்ளே இருக்கிற எல்லாத்தையும் கூட்டிட்டுத்தான் போகும். உனக்கு விக்க மாட்டேன், போம்மா'ன்னு துரத்திட்டார். ஒவ்வொரு பாகமா சம்பளத்துல வாங்கிச் சேர்த்தது அண்ணா. இது ஒண்ணுதான் பாக்கி. அடுத்த வாரம் போட்டி வேற."

"வியாபாரம் தெரியாத ஜென்மம். விடு தங்கச்சி, நான் எதுக்கு இருக்கேன்?"

முதலாளி இரண்டு பெட்டிகளைப் பிரித்து, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் அந்தப் பாகத்தை அவளுடைய இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக வைத்தார்.

"தூக்கிப் பாரு. இது பஞ்சு. இது? கை இறங்குதா? கனமா இருந்தா உள்ளே சரக்கு இருக்குன்னு அர்த்தம்."

வேன்காரியின் கை இறங்கியது. முகம் தெளிந்தது.

பில் போடுகிறவள் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கனம் என்னவென்று அவளுக்குத் தெரியும். புகைந்துபோய்த் திரும்பி வந்த ஒன்றை மெக்கானிக் அவள் கண்முன்னாலேயே திறந்திருந்தார். உள்ளே ஓரமாக ஓர் இரும்புப் பட்டையைத் திருகி வைத்திருந்தார்கள். எந்த ஒயரும் அதைத் தொடவில்லை. எடைக்காக மட்டுமே அங்கே இருந்தது. முதலாளி அதையும் சிரித்தபடியே பார்த்துவிட்டு, "விஷயம் நம்மளோட இருக்கட்டும்" என்றார்.

இருந்தது. வேலை வேண்டுமே.

"நம்பி வாங்கலாமா அண்ணா?"

"என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுட்ட! என் பையனும் உன்னை மாதிரி கேமிங் பைத்தியம்தான். அவனுக்கே இன்னைக்கு இதைத்தான் கொண்டுபோய் மாட்டப் போறேன்."

வேன்காரி பணத்தைக் கட்டினாள். வெளியே ஹாரன் அலறியது. அவளுடைய வேன்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"ஓரங்கட்டிட்டு வந்துடறேன்க்கா, பையில போட்டு வைங்க" என்று ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, எதிர்க்கடைக்குப் போய் நல்ல பவர் சப்ளையா ஒண்ணு வாங்கிட்டு வா. பையன் காலையிலேருந்து நச்சரிக்கிறான்."

"நம்ம கடையிலேயே..." பில் போடுகிறவளுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"அதையா? என் பையன் கம்ப்யூட்டர்லயா? நல்லா சொன்ன போ!" சிரித்தார். "அவன் கடைப் பையில கொண்டு வராதே, நாலு பேர் பாப்பாங்க. நம்ம பையில போட்டு எடுத்துட்டு வா."

அவள் போய்க் கேட்டதுமே கடுகு வெடித்தார்.

"உங்க முதலாளி வீட்டுக்குத்தானே? ஊருக்குச் சிரிப்பு, வீட்டுக்குச் சரக்கா?"

பெட்டியை எடுத்து வைத்தவர் தெருவைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"வேன் ஓட்டுற பொண்ணு ஒண்ணு அங்கே வந்துச்சே. அந்த மட்டமானதையா அது தலையில கட்டினார்?"

அவள் குனிந்தபடி பணத்தை எண்ணி வைத்தாள்.

"என் வாய்தான் அந்தப் பொண்ணை அங்கே அனுப்பி வச்சது. சனியன் பிடிச்ச வாய்" என்று முனகிக்கொண்டே பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்துக் கொடுத்தார்.

அவள் திரும்பி வந்தபோது முதலாளி இன்னொருவரிடம் சிரித்துக்கொண்டிருந்தார். "தூக்கிப் பாருங்க சார்!"

பில் மேசையில் இப்போது இரண்டு பைகள். இரண்டிலும் அதே கடைப் பெயர், கீழே அதே சிரிக்கும் முகம். இடப்பக்கம் இருந்தது கடுகு துடைத்துக் கொடுத்தது. வலப்பக்கம் இருந்தது இரும்புப் பட்டை.

வேன்காரி மூச்சிரைக்க வந்து நின்றாள். "என்னோடது எது அக்கா?"

முதலாளி அங்கிருந்தே திரும்பினார்.

"எதை எடுத்தா என்ன தங்கச்சி? ரெண்டும் ஒண்ணுதான்! சொன்னேன்ல, ஒண்ணு உனக்கு, ஒண்ணு என் பையனுக்கு."

பில் போடுகிறவள் இடப்பக்கத்துப் பையை எடுத்து வேன்காரியிடம் நீட்டினாள். வலப்பக்கத்துப் பையின் வாயை நன்றாக மடித்து, முதலாளியின் வண்டிச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.