வெண்டெலின் வேலிப் பூக்கள்

போர்ட்லாண்டின் செப்டம்பர் வெயில் என் கராஜுக்குள் முழங்கால் உயரத்துக்கு வந்து நிற்கிறது. பேல் ஏல் பியருக்கான முளைகட்டிய பார்லி மால்ட் சாறு பெரிய பானையில் கொதிக்கிறது. ஆவியில் பக்கத்து வீட்டு வெண்டெலின் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகிறது, அவன் துடைக்கவில்லை. இரண்டு கைகளிலும், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக் கிண்ணத்தை ஏந்தியிருக்கிறான். மூன்று வருடம் வேலியில் கொடியேற்றி இந்த வருடம்தான் பூத்த தன் பூக்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவை கடைப் பூக்கள். ஒரு மணி நேரத்துக்கு முன், கொதி வந்ததும் கசப்புக்காகக் கடைப் பூவைப் போடவேண்டிய நான், கிண்ணம் மாறி அவனுடையதைக் கொட்டிவிட்டேன். அவற்றின் வாசனையெல்லாம் எப்போதோ ஆவியோடு கூரைக்குப் போய்விட்டது.

“முன்னாடியே போட்டா வெறும் கசப்புதான்டா மிஞ்சும்,” என்கிறான். “கடைசியில போட்டாத்தான் மணம் நிக்கும்.”

“தெரியும்.”

கடிகாரம் கிணுகிணுக்கிறது. அடுப்பை அணைக்கிறேன். அவன் கிண்ணத்தை என்னிடம் நீட்டுகிறான்.

“நீயே போடு. கண் கொட்டாம நேரம் பாத்தவன் நீதானே.”

கொட்டுகிறேன். பச்சை மணம் குப்பென்று எழுகிறது. வெண்டெல் கண்ணை மூடி மூச்சை இழுக்கிறான்.

“எங்க வேலி வாசனை. வருதா?”

“வருது,” என்கிறேன்.