ரெண்டு பக்கமும் பேரு

“இன்னும் ஒரு சாண் பெருசா எழுதுலே. ரோச் பூங்காவுல நின்னு பாத்தாலும் பேரு தெரியணும்.”

வேனின் பக்கவாட்டில் எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர் வன்னியபெருமாள் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டுத் திரும்பினான். “இதுக்கு மேல பெருசாக்கினா இனிஷியலுக்கு இடம் இருக்காது முதலாளி.”

“இனிஷியலைச் சின்னதாக்கு. பேர்ல கை வைக்காத. அந்தப் பக்கமும் இதே அளவு.”

கப்பல் ஏஜென்ட் வில்பிரட் பெர்னாண்டோவுக்கு எழுத்தின் அளவு ஏன் அவ்வளவு முக்கியம் என்று தூத்துக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உப்பளக்காரர் பொன்னுதுரைதான் காரணம்.

பஸ் ஸ்டாண்டில் உட்காரப் போனால் பெஞ்சின் முதுகில் ‘பொன்னுதுரை உபயம்’. மார்க்கெட் தண்ணீர்த் தொட்டியிலும் அதேதான். ஒருநாள் நேரம் பார்க்கப் பள்ளிக்கூடக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்த வில்பிரட், முள்ளுக்கு அடியிலும் அந்தப் பெயரைக் கண்டு, நேரம் பார்க்காமலே வீடு திரும்பினார். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. புதுத் துறைமுகம் திறந்த பிறகு பொன்னுதுரையைவிட அவருக்கு வசதி கூடியிருந்தது. ஆனால் ஊரில் அவர் பெயர் இருந்த ஒரே இடம் அவர் வீட்டு வாசல்தான்.

இரண்டு பேரும் ஒரே சேவைக் கழகத்தில் உறுப்பினர்கள். வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம். ஒரே மாதிரி பேட்ஜ், தோளில் கை, டீ, வடை, சிரிப்பு. தாமதமாக வந்தால் உண்டியலில் அபராதம் போட வேண்டும்.

போன மாதம் வில்பிரட் தாமதமாகத்தான் போனார். அவர் உண்டியலில் காசு போட்டபோது செயலாளர் அம்புரோஸ் பேச்சை முடித்துக்கொண்டிருந்தார்.

“ஏழைபாழைங்க டாக்சிக்காரன்கிட்ட கெஞ்ச வேண்டாம். நம்ம கழகத்து வேன் போயி நிக்கும். யாராவது ஒருத்தர் வாங்கித் தரணும். பொன்னுதுரை அண்ணாச்சி, என்ன சொல்லுதீங்க?”

பொன்னுதுரை வடையைத் தட்டில் வைத்தார். “வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுதேனே.”

பொன்னுதுரை தயங்கி வில்பிரட் பார்த்ததே இல்லை. விடுவாரா? உண்டியல் பக்கத்தில் நின்றபடியே கையைத் தூக்கினார்.

“யாரும் யாரையும் கேக்க வேண்டாம். நான் தாரேன். என் பேரு ரெண்டு பக்கமும் இருக்கணும், அவ்வளவுதான்.”

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டல் நிற்கவே இல்லை. தலைவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். “பேரையும் போடச் சொல்லுதாரே, இந்த மனசு யாருக்கு வரும்?”

பொன்னுதுரைகூட வந்து கையைக் குலுக்கினார். அவர் முகத்தில் பாரம் இறங்கிய தெளிவு தெரிந்தது. தோற்றவன் நடிக்கிறான் என்று வில்பிரட் எடுத்துக்கொண்டார். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினார்.

“அப்படி என்னங்க பெரிய வேனு?” என்று மனைவி பிலோமினா கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது. “பொன்னுதுரை பெஞ்சுல நாமதான் போயி உக்காரணும் பிலோமி. என் வண்டி வீடு தேடி வரும். உயிருக்குப் போராடுதவன் வாசல்ல என் பேரு போயி நிக்கும்.”

இதோ, இப்போது அந்த வேனில்தான் பெயர் காய்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த அம்புரோஸ், சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே போட்டிருந்த நீளப் பலகையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

“முன்னால மணி ஒண்ணு கட்டணும்லா? வழிவிடுவானுகல்லா” என்றார் வில்பிரட்.

“மணி எதுக்கு அண்ணாச்சி? மெதுவாப் போற வண்டிதான?”

வில்பிரட்டுக்குச் சுருக்கென்றது. இந்த வண்டி சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிடக் கூடாது என்று பொன்னுதுரைதான் அம்புரோஸுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அம்புரோஸ் போனதும் முதல் வேலையாக ஆளை அனுப்பி, கணீரென்று ஒரு மணியை வாங்கிக் கட்ட வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கழக வாசலில் விழா நடந்தது. வில்பிரட் ரிப்பனை வெட்டினார். பொன்னுதுரை கைதட்டினார். அந்தக் கைதட்டல் வில்பிரட்டுக்குத் தேனாக இருந்தது.

தலைவர் பேச எழுந்த நேரத்தில் ஒரு ஆள் அழுத கண்ணோடு கூட்டத்துக்குள் வந்தான். “வண்டி இருக்குன்னு சொன்னாவ. எங்க மாமா, பெரியாஸ்பத்திரியில...”

“பேசிக்கிட்டு நிக்காத. ஏறு.” வில்பிரட் அவனை முன்சீட்டில் தள்ளித் தானும் ஏறிக்கொண்டார். 

கண்ணாடி வழியாகப் பார்த்தால், கழகத்தார் அத்தனை பேரும் சத்தமில்லாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். பொன்னுதுரை தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். இந்த ஒரு மரியாதைக்காகத்தான் வில்பிரட் இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தார்.

“வேகமா விடுலே” என்று டிரைவரை விரட்டிவிட்டு மணிக்கயிற்றை இழுத்தார். ரிக்‌ஷாக்கள் ஒதுங்கின. நடந்து போனவர்கள் நின்று பெயரைப் படித்தார்கள்.

“கவலைப்படாதடே. ஒங்க மாமா உயிருக்கு நான் பொறுப்பு. வண்டியில யாரு பேருன்னு பாத்தேல்லா?”

அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மணிக்கயிற்றில் இருந்த அவர் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான்.

“அவசரம் இல்ல அண்ணாச்சி. அடக்கம் நாலு மணிக்குத்தான்.”