ராசாவுக்குத் துடக்கில்லை

நாதஸ்வரம் திடீரென்று நின்றது.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றான் அவன். ஒரு பக்கம் பனி. மறுபக்கம் விளக்குகள்.

கடல் கடந்த பல நாடுகளுக்கு ஒரே மன்னன். அவற்றில் ஒன்றான இந்தக் குளிர்நாட்டில், ஈழத்தவர் கட்டிய முருகன் கோயிலுக்கு வந்திருந்தான். தன் சொந்தத் திருச்சபைக்கும் அவனே தலைவன். எல்லாக் கோயில் வாசலிலும் ஒரே மாதிரிச் சிரிக்க வேண்டும் என்பது உத்தியோகம்.

பூரண கும்பத்தைச் சுற்றி நின்றவர்கள் குசுகுசுத்தார்கள்.

கோயில் தலைவர் நடேசலிங்கத்துக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. மோப்ப நாய் எங்கே நிற்கும் என்பதுவரை யோசித்து வைத்த மனிதர், ஒன்றை மட்டும் கோட்டைவிட்டிருந்தார். மன்னனின் தகப்பன் இறந்து இன்னும் மாதம் முடியவில்லை.

குருக்கள்தான் கைகொடுத்தார்.

"ராசாவுக்குத் துடக்கில்லை. நாடாளுறவரின்ர வேலை நிக்கக்கூடாதெண்டு சாத்திரமே விலக்குக் குடுத்திருக்கு. கூட்டிக்கொண்டு வாங்கோ."

தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று அவன் கேட்டான்.

தலைவர் அவன் மொழியிலேயே விளக்கினார். சாவு நடந்த வீட்டாருக்கு ஒரு மாதம் துடக்கு, அதாவது தீட்டு. கோயிலுக்கு வரமாட்டார்கள். விழாக்களுக்குப் போகமாட்டார்கள். அவர்களை அடுப்பு மூட்டவும் விடமாட்டோம், அயலவர் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்போம். மனம் ஆறுமட்டும் அழட்டும் என்று விட்டுவிடுவோம்.

"தங்களுக்கு அதெல்லாம் இல்லை. தாராளமாக உள்ளே வரலாம்."

அவன் அசையவில்லை.

அப்பா இறந்த அன்று, அவர் அறையிலிருந்து அவன் வெளியே வந்தபோது சித்தி நின்றிருந்தாள். தூக்கி வளர்த்த சித்தி. கட்டிக்கொள்வாள் என்று நினைத்தான். அவள் முழங்காலிட்டு வணங்கினாள்.

பிறகு சத்தியப்பிரமாணம். பிறகு விமானம். இறங்கிய இடமெல்லாம் கைகுலுக்கல்.

வெளியே, மதிலோரம், ஒரு பெண் தனியாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் ஏன் உள்ளே வரவில்லை?"

தலைவர் தயங்கினார். "தாய் தவறிவிட்டார். துடக்கு."

அவன் படியிறங்கினான்.

அவனுடைய செயலாளர் ஓடிவந்து காதருகே ஏதோ சொன்னார். அவன் நிற்கவில்லை. வெறுங்காலோடு பனியில் நடந்துபோய் அவள் பக்கத்தில் நின்றான். அவளைப் பார்த்துத் தானும் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பினான்.

குருக்கள் வரவேற்கக் கையிலெடுத்த கும்பத்தை இறக்கி வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

அந்தப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பாவோ, தம்பி?"

பாஷை தெரியாது. ஆனாலும் தலையாட்டினான். இத்தனை நாளும் அழுகையை அடக்கியவன்தான், இப்போது முடியவில்லை.

அவள் அவன் முதுகில் கைவைத்துத் தடவினாள்.

துடக்கு வீட்டாரைத் தொடமாட்டார்கள். மன்னனையும் யாரும் தொடக்கூடாது.

மெய்க்காவலர் பாய்ந்து வந்தார். கிட்ட வந்ததும் நின்றார்.

பிறகு பத்திரிகைக்காரரின் கமராக்கள் பக்கம் திரும்பி, தன் அகன்ற முதுகால் இரண்டு பேரையும் மறைத்துக்கொண்டார்.