ஏழாவது படி

"அந்த ஒரு படியை மட்டும் விட்டுடுங்க, சார்." நான்காவது முறையாகக் கெஞ்சினார் வீட்டுக்காரர்.

கட்டட ஆய்வாளர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். மாடிக்கு ஏறும்போது அந்த ஏழாவது படியில்தான் தடுக்கி விழுந்திருந்தார். பெயின்ட் அடிக்க பல்பைக் கழற்றியிருந்ததால் படிக்கட்டு கும்மிருட்டு. செல்போன் வெளிச்சத்தில் டேப்பை வைத்து அளந்தார்.

"மத்ததெல்லாம் ஏழு அங்குலம், இது ஒன்பதரை. எல்லாம் ஏழு அங்குலத்துக்கு மேல போகாம ஒரே உயரமா இருக்கணும். இனிமே இது லேடீஸ் ஹாஸ்டல், வெறும் வீடு இல்லை."

"பன்னெண்டு வருஷமா எங்க வீட்டுல யாரும் விழுந்ததில்லை, சார்."

"இப்ப நான் விழுந்தேனே, அது கணக்குல சேராதா?"

வீட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகினார், நாலு படி இறங்கினார், மறுபடி ஏறினார். அடுத்த மாதம் ஆறு பெண்கள் குடிவருகிறார்கள். விடுதி நடத்தி, தன் கையால் சமைத்துப் போட வேண்டும் என்பது மனைவியின் பல வருட ஆசை. இந்த மனிதர் கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாம் போச்சு.

கூட நின்ற கொத்தனார் வாயைத் திறந்தார். "ரெண்டு நாள் வேலைங்க. இடிச்சு உயரத்தைச் சமமாப் பிரிச்சா ஒரு படி அதிகமாகும், அவ்வளவுதான்."

"அய்யோ, வேணாம்ப்பா. பதிமூணு படி பதிமூணாவே இருக்கட்டும்."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் சார், ராசியான நம்பரா?"

பதில் தொண்டை வரை வந்தது. ஆனால் தன்னைக் காரணம் காட்டி எந்தச் சலுகையும் கேட்கக் கூடாது என்று மனைவி காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள்.

அப்போது மேலே புதுச் சமையலறையிலிருந்து தட்டில் மூன்று டம்ளர் டீயோடு அவளே இறங்கி வந்தாள். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. அந்த இருட்டிலும் ஏழாவது படியில் காலை நன்றாகத் தாழ்த்தி வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பாருங்க சார், இவ எப்படி இறங்கறான்னு!" தட்டை வாங்கிக்கொண்டார் வீட்டுக்காரர்.

"அவங்களுக்குப் பழக்கம். புதுசா வர்றவங்களுக்கு?"

"சார் சொல்றதுதான் நியாயம்," என்றாள் அவள். "வர்ற பொண்ணுங்க யாரும் விழக் கூடாது. இடிச்சுக் கட்டிடலாம்."

"வேணாம்மா, நீ யோசிச்சுப் பேசு." வீட்டுக்காரரின் குரல் உடைந்தது.

ஆய்வாளர் விடவில்லை. படிவத்தையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார். "வீடு உங்க பேர்லதானே? சம்மதம்னு கையெழுத்துப் போடுங்கம்மா."

நீட்டிய பேனா நீட்டியபடியே நின்றது. அவள் வாங்கவில்லை.

"பதிமூணு எண்ணிப் பழகினவளுக்குப் பதினாலு எண்ண வராதா? பேனாவைக் கையில வைங்க, சார். எனக்குக் கண் தெரியாது."