வழிக்காவலுக்கு வந்த முள்ளம்பன்றி

காட்டில் தீயை அணைக்க யானைகள் இருந்தன. ஆனால் வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் பாதையை அடைத்துக்கொள்ளும்; தும்பிக்கைத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் பாதிக் காடு போய்விடும். அதனால், தானாக முன்வந்த முள்ளம்பன்றியைச் சிங்கம் வழிக்காவலுக்கு நியமித்தது.

“தீயை அணைக்கிறது உன் வேலை இல்லை. யானைக்கு வழி கிடைக்கணும். பாதையை விட்டு நகரக் கூடாது.”

கோடையில் ஒருநாள் புகை எழுந்தது. கூட்டம் ஓடிவந்தது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு எல்லோரையும் ஓரத்துக்குத் தள்ளியது.

நரி மட்டும் நகரவில்லை. “அட கிறுக்கா, எரியறதே உன் வளைப் பக்கம்தான்! உன் குட்டிங்க அங்கே இருக்கு. நீ இங்கே நின்னு எங்களை விரட்டுறியா?”

முள்ளம்பன்றி ஒரு கணம் புகையைத் திரும்பிப் பார்த்தது. தூரத்தில் யானைகள் வரும் சத்தம் கேட்டது.

“அப்படின்னா யானை இன்னும் சீக்கிரம் போகணும்” என்றது. “நகரு.”