கொக்கியைத் திறந்த பூனை

கூண்டுக்கிளியைக் கொன்ற பூனையை நாய்கள் தொழுவத்துக்கு இழுத்து வந்தன. தீர்ப்புச் சொல்ல வேண்டியது எருமைக்கடா. வாயில் இருப்பதை அசைபோட்டு விழுங்காமல் அது ஒரு வார்த்தை பேசாது.

"ஐயா, வர்றவங்க போறவங்க முன்னாடியெல்லாம் என்னைத் 'திருடி, திருடி'ன்னு கத்துச்சு. ஆத்திரத்துல கண்ணு மண்ணு தெரியாம அடிச்சுட்டேன்" என்று பூனை அழுதது. ஆடுகள்கூட உச்சுக் கொட்டின. பூனைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

எருமை விழுங்கி முடித்தது. "கூண்டுல கொக்கி போட்டிருந்துச்சே, எப்படித் திறந்தே?"

தன் கைவரிசையைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் பூனைக்கு வாய் நிற்காது. "லேசுப்பட்ட வேலையா ஐயா? கிளி தூங்குறப்போ மூணு நாள் பழகினேன். சத்தமே வராம ஒத்தை நகத்தால தூக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தொழுவமே அடங்கிக் கிடப்பது அதற்கு உறைத்தது.

"சாகுறவரைக்கும் கழுத்துல மணி" என்றது எருமை.

இனி ஓர் எலிகூடச் சிக்காது. பூனை விடவில்லை. "அப்போ, அது என்னைத் திருடின்னு சொன்னது தப்பில்லையா ஐயா?"

எருமை மறுபடி அசைபோட்டது.

"தப்புதான். அதுக்கு ஒரு நாள் பட்டினி போடலாம். கிளியைக் கூட்டிட்டு வா."